மழை ஓரமாக வரும்

போன ஐப்பசியில் தாம்பரத்திலிருந்து விழுப்புரத்துக்கு வீடு மாறினேன். கட்டில், பீரோ வகையறா முதல் நடையில் போய்விட்டன. இரண்டாம் நடைக்கு மிச்சமிருந்தவை 22 அட்டைப்பெட்டி புத்தகங்களும் அம்மாவின் தையல் மெஷினும். வானம் கறுத்துக் கிடந்ததால் நானே கடைக்கு ஓடி, இருந்ததிலேயே தடிமனான நீலத் தார்ப்பாய் ஒன்றை வாங்கிவந்து குட்டி யானை ஓட்டுநரிடம் கொடுத்தேன். அவர் மடிப்பைப் பிரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கட்டினார். மேல்மருவத்தூர் தாண்டியதும் பிடித்த மழை திண்டிவனம் வரை விடவில்லை. புது வீட்டு வாசலில் அவிழ்த்துப் பார்த்தால் நான்கு பெட்டிகள் ஊறிப்போயிருந்தன. தொட்டதும் அட்டை கையோடு வந்தது.

தெருவிளக்கின் அடியில் தார்ப்பாயை விரித்து ஓட்டை தேடினேன். ஒன்றுகூட இல்லை.

"ஓட்டை இருக்காது சார், புது ஷீட்டு" என்றார் ஓட்டுநர். "தண்ணி மேல் வழியா வரல. கேபினை ஒட்டி குளம் கட்டிச்சு. பிரேக் போடுறப்ப அப்படியே முன்னாடி சாய்ஞ்சு உள்ள இறங்கிடுச்சு. அடியில நனைஞ்ச ரெண்டு பெட்டி, பின்கதவு இடுக்குல ஏறின தண்ணி."

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. தடிமனாத்தான் வாங்கினீங்க சார், அகலமா வாங்கலையே."

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்கு விதை. அதற்குப் பிறகு லோடு வண்டி ஓட்டுகிறவர்கள், தார்ப்பாய் விற்கிறவர்கள், தைக்கிறவர்கள் என்று யாரைப் பார்த்தாலும் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கேட்டது எந்தத் துணி நல்லது என்று. அவர்கள் பதிலுக்குக் கேட்டது என்ன லோடு, எவ்வளவு உயரம், எங்கே கட்டுவீர்கள் என்று. துணியைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வந்தது.

2005இல் டாடா ஏஸ் வந்தபோது, மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவே காலியாகக் கிடந்த இடம் நிரம்பியது. தமிழ்நாடு அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்துவிட்டது. 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் மலைப்பாதைகளையும் மண்டிகளையும் பிடித்துக்கொண்டது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி, மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு, கட்டட வேலைக்குப் போகும் சிமென்ட், கல்யாண மண்டபத்துக்குப் போகும் நாற்காலி எல்லாம் இவற்றின் முதுகில்தான் போகின்றன. பெரும்பாலும் அந்த முதுகு திறந்த முதுகு. மூடுவது வாங்கியவர் பாடு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லோடு பாடி என்பது தண்ணீர் நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்று செய்யப்பட்டது. தளத்துக்கும் பின்கதவுக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு இருக்கும். கழுவி விட்டால் தண்ணீர் அதன் வழியே வடியும். அதே இடுக்கு வழியாகத்தான் மழையில் தண்ணீர் திரும்பி ஏறும். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகிறது. சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீரை அந்தச் சுழல் பின்கதவு மேலேயே இழுத்துப் பூசுகிறது. மழை நாளில் எந்த வண்டியின் பின்பக்கமும் முன்பக்கத்தைவிட அழுக்காக இருப்பதற்குக் காரணம் இதுதான். அம்மாவின் தையல் மெஷின் தப்பித்தது, ஓட்டுநர் அதை ஒரு பழைய டயர் மேல் தூக்கி வைத்திருந்ததால்.

பாய் என்ற சொல்

தார்ப்பாய் என்ற சொல்லை ஒரு நிமிடம் பிரித்துப் பார்க்கலாம். தார் ஆங்கிலத்திலிருந்து வந்தது. பாய் நம்முடையது. படுக்கிற பாயும் அதுதான், பாய்மரத்தில் கட்டுகிற பாயும் அதுதான். ஆங்கிலத்தின் டார்பாலினிலும் முன்பாதி தார், பின்பாதி போர்வை என்ற பொருளுள்ள சொல். கப்பல்காரர்கள் கித்தான் துணியில் தார் பூசிச் சரக்கை மூடிய காலத்துப் பெயர் அது. இன்றைய தார்ப்பாயில் ஒரு சொட்டுத் தாரும் கிடையாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிராமங்களில் படுதா என்பார்கள். அது பர்தாவின் தம்பி. கடைகளில் இப்போது ஷீட்டு என்றாலே போதும்.

மூன்று வழிகள்

மூடிய வண்டிக்குள் தண்ணீர் வர மூன்று வழி உண்டு. துணி வழியாக, ஓரம் வழியாக, உள்ளேயிருந்தே. நாம் பணம் செலவழிப்பது முதல் வழியை அடைக்க. நனைவது பெரும்பாலும் இரண்டாவது வழியால். மூன்றாவதைப் பற்றி நினைத்தே பார்ப்பதில்லை.

ஓரத்தை முதலில் பார்ப்போம். பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 17 மீட்டர் நகர்கிறது. ஆக, வண்டியின் கணக்கில் மழை மேலிருந்து விழுவதில்லை, எதிரிலிருந்து பாய்ந்து வருகிறது. கேபின் கொஞ்சம் மறைக்கும். கேபினைவிட உயரமாக லோடு ஏறியிருந்தால் அந்த நெற்றிப் பகுதிதான் முழு அடியையும் வாங்கும். அங்கே தார்ப்பாய் ஒரு சாண் குறைந்தாலும் மழை உள்ளே புகுந்துவிடும்.

பக்கவாட்டில் செய்யும் தவறு இன்னும் சாதாரணமானது. தார்ப்பாய் சின்னதாக இருந்தால் ஓரத்தைப் பக்கப்பலகைக்கு உள்ளே செருகிவிடுகிறோம். பார்க்க இறுக்கமாக, ஒழுங்காகத் தெரியும். மேலே விழுந்த மழை முழுவதையும் வடிகால் வெட்டி உள்ளே விட்டது போலத்தான் அது. தார்ப்பாய் பலகைக்கு வெளியே, குறைந்தது ஓர் அடி கீழே தொங்க வேண்டும். கூரை வேய்கிறவர் ஓலையைச் சுவருக்கு வெளியே நீட்டிவிடும் அதே இறவாரக் கணக்கு.

எனவே அளவு எப்படி எடுப்பது? குட்டி யானையின் தளம் சுமாராக 7 அடி நீளம், 5 அடி அகலம். பக்கப்பலகைக்கு மேல் 3 அடி உயரம் லோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத்துக்கு 5, இரண்டு பக்கமும் ஏறி இறங்க 3 மற்றும் 3, தொங்கலுக்கு 1 மற்றும் 1. மொத்தம் 13 அடி. நீளத்துக்கு அதே கணக்கில் 15 அடி. கடையில் 12க்கு 15 இருக்கும், 15க்கு 18 இருக்கும். 12க்கு 15 அகலத்தில் ஓர் அடி குறைவு, ஓரம் மடித்து ஒட்டியதில் இன்னும் சில அங்குலம் போயிருக்கும் என்பதால் அது கைகொடுக்காது. பெரியதை வாங்கி மடித்துக் கட்டுவதே வழி. நான் வாங்கியது 9க்கு 12 என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே தார்ப்பாய் போதாமல் இரண்டை இணைக்க நேர்ந்தால் எது மேலே? பின்பக்கத் தார்ப்பாயை முதலில் விரித்து, முன்பக்கத்து விளிம்பு அதன் மேல் படியும்படி போட வேண்டும். மாற்றிப் போட்டால் எதிர்க்காற்று வாய் திறந்து உள்ளே நுழையும். கூரையில் ஓலையைக் கீழ் வரிசையிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போவார்களே, அதைப் படுக்கவைத்தது போல.

குளம் கட்டுவது அடுத்த தொல்லை. குட்டி யானைத் தளத்தின் பரப்பு மூன்றேகால் சதுர மீட்டர். அதன் மேல் 1 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றாலே 32 கிலோ. துணி தொய்யும், தொய்ந்தால் இன்னும் தேங்கும், பிறகு ஒரு வளைவில் மொத்தமாகச் சரியும். அதனால் நடுவில் முதுகெலும்பு வேண்டும். மூங்கில், பிவிசி பைப், வளைத்த கம்பிக் கூண்டு எதுவானாலும் சரி. அதுவும் இல்லையென்றால் உயரமான பெட்டிகளை நடுவிலும் குட்டையானவற்றை ஓரத்திலும் அடுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

துணிக் கதை

இப்போது துணிக்கு வரலாம். சந்தையில் முக்கியமாக நான்கு ரகம்.

பழைய லாரிக்காரர்கள் சத்தியம் செய்வது மெழுகு ஏற்றிய பருத்தித் தார்ப்பாய்க்கு. பருத்தி இழை நனைந்ததும் உப்பிக்கொண்டு, நெசவின் கண்களைத் தானே அடைத்துவிடும். காற்றையும் ஓரளவு விடும். ஆனால் உள்ளிருந்து சாமான் உரசும் இடத்தில் கசியும். நனைந்தால் இரண்டு ஆள் தூக்க வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து, அடுத்த முறை பிரிக்கும்போது கை வழியே கிழியும்.

அதன் இடத்தைப் பிடித்தது பாலிஎத்திலீன் நாடாவை நெய்து இருபுறமும் படலம் ஒட்டிய எச்டிபிஇ ஷீட்டு. நீலம், மஞ்சள், பச்சை என்று தெருவெங்கும் பார்ப்பது இதுதான். எடை குறைவு, விலை குறைவு. நெய்யாமல், படலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்யும் இன்னொரு ரகம் உண்டு. அதில் ஒரு கம்பெனியின் பெயரான சில்பாலின் இன்று அந்த ரகத்துக்கே பெயராகிவிட்டது. நான்காவது, பாலியஸ்டர் துணிமேல் பிவிசி பூசியது. கனம், விலை இரண்டும் அதிகம். இதன் பெரிய நன்மை, மூட்டுகளைத் தைக்காமல் சூடேற்றி ஒட்டிவிடலாம். தையல் என்றால் ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் ஓர் ஓட்டை. ஒரே வண்டிக்கு, ஒரே அளவு கூண்டுக்குப் பல வருடம் வேண்டும் என்பவர் பிவிசியில் அளவு கொடுத்துச் செய்துகொள்வது நல்லது. மற்றவர்களுக்கு அது ஆடம்பரம் என்பது என் கட்சி.

நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. கடைக்காரர் ஜிஎஸ்எம் என்பார், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற கணக்கு. இதைச் சரிபார்க்கத் தராசு ஒன்று போதும். 15க்கு 18 அடி என்றால் 270 சதுர அடி, அது 25 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்று சொன்னால் முழு ஷீட்டும் 5 கிலோ இருக்க வேண்டும். மூன்றரை கிலோ காட்டினால், அது 140தான். இந்த ஒரு வகுத்தல் தெரிந்தவர் என்றதும் பேச்சின் தொனி மாறுவதை நான் கண்ணால் பார்த்தேன். சிலர் மைக்ரான் என்பார்கள். பாலிஎத்திலீன் படலத்துக்கு மைக்ரானும் ஜிஎஸ்எம்மும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும் என்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தியத் தர நிர்ணயங்களும் உண்டு: எச்டிபிஇ ஷீட்டுக்கு ஐஎஸ் 7903, மெழுகுக் கித்தானுக்கு ஐஎஸ் 2089, குறுக்கு அடுக்குப் படலத்துக்கு ஐஎஸ் 14611.

இதெல்லாம் இல்லாமலும் கடையிலேயே பார்க்கச் சில வழி இருக்கிறது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஊசிக்கண் ஓட்டைகள் நட்சத்திரம் போல மின்னும். நகத்தால் சுரண்டினால் மேற்படலம் உரியக் கூடாது. மூலையில் கூடுதல் ஒட்டுத்துணி இருக்க வேண்டும். கயிறு நுழைக்கும் ஐலெட்டைக் கட்டைவிரலால் நெம்பினால் அசையக் கூடாது, ஏனென்றால் தார்ப்பாய் கிழிவது பெரும்பாலும் அங்கிருந்துதான். ஒரு கடைக்காரர் ஷீட்டின் மடிப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டி, கீழே கைக்குட்டையை நீட்டினார். நாடகம்தான், ஆனால் நேர்மையான நாடகம்.

மழையைவிட இந்தத் துணிகளைக் கொல்வது வெயில். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் இல்லாத பாலிஎத்திலீன் அப்பளமாக நொறுங்கிவிடும். கறுப்பு ஷீட்டில் கலக்கும் கார்பன் கரி அந்தக் கதிரைத் தானே வாங்கிக்கொள்வதால் அது கூடுதல் நாள் உழைக்கும். சித்திரை முழுக்க வண்டி மேல் கட்டியே வைத்திருந்துவிட்டு ஐப்பசியில் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை.

காற்றும் கயிறும்

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு 17 கிலோ எடை தள்ளுவது போன்ற அழுத்தம். 80இல் அது 30 கிலோ. அதோடு மேற்பரப்பில் விரைந்தோடும் காற்று தார்ப்பாயை மேலே உறிஞ்சித் தூக்கும். தளர்ந்த தார்ப்பாய் புடைத்து, படபடவென்று அடித்துக்கொண்டு, ஒரே நடையில் ஒரு வருடத் தேய்மானத்தைப் பார்த்துவிடும்.

கயிற்றிலும் விஷயம் இருக்கிறது. நைலான் தண்ணீரைக் குடித்து நீளும். காய்ந்திருக்கும்போது இறுக்கிக் கட்டியது மழையில் தொய்ந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைக் குடிப்பதில்லை. பழைய டயர் டியூபை நாடாவாக வெட்டிக் கொக்கிக்கும் ஐலெட்டுக்கும் நடுவே மாட்டுகிறார்களே, அதற்கு ஈடு எதுவும் கிடையாது. காற்று தூக்கும்போது விட்டுக்கொடுக்கும், பிறகு தானே இழுத்துக்கொள்ளும், ஐலெட்டும் பிழைக்கும். கயிற்றின் நடுவில் ஒரு கண் போட்டு, நுனியைக் கீழ்க்கொக்கியில் சுற்றி, அந்தக் கண் வழியாகத் திரும்ப இழுத்து இறுக்கும் முடிச்சை எந்த லோடு வண்டிக்காரரிடமும் கற்றுக்கொள்ளலாம். ஒரு கப்பியை வைத்து இழுத்தது போல இருக்கும். பெட்டி முனை, பீரோ முனை படும் இடத்தில் மடித்த சாக்கு வைக்க மறக்கக் கூடாது.

மூச்சு விடும் லோடு

வெங்காயம், உருளை, வாழைக்காய் எல்லாம் பறித்த பிறகும் மூச்சு விடுகின்றன. வெப்பத்தையும் நீராவியையும் வெளியே விடுகின்றன. காற்றுப் புகாத ஷீட்டால் இறுக மூடி இரவெல்லாம் ஓட்டினால், வெளியே குளிரும்போது அந்த நீராவி ஷீட்டின் உட்புறத்தில் முத்து முத்தாகப் பூத்து லோடு மேலேயே சொட்டும். ஒரு துளி மழை இல்லாத இரவிலும் சரக்கு நனைந்திருக்கும். சின்ன வெங்காயம் ஏற்றுகிறவர் மேலே மட்டும் மூடி, பக்கத்தைத் திறந்துவிடுவது அலட்சியத்தால் அல்ல. சிமென்டுக்கு நேர் எதிர். ஈரக்காற்றே அதற்கு ஆகாது, மேலும் கீழும் சுற்றி மூடத்தான் வேண்டும்.

நெல்லின் நிலைமை இரண்டுக்கும் நடுவே. தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாக 44 சென்டிமீட்டர் மழை. டெல்டாவில் குறுவை அறுப்பும் அந்த மழையின் தொடக்கமும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. களத்தில் இரண்டு நாள் காயவைத்து அந்த எண்ணுக்குக் கொண்டுவந்த நெல், நிலையத்துக்குப் போகும் சில கிலோமீட்டரில் நனைந்தால் உழைப்பு வீண். நனையாமல் இருக்கட்டும் என்று வெதுவெதுப்போடு இறுக மூடி வரிசையில் நாள் கணக்கில் நிறுத்தினாலும் உள்ளே புழுங்கி முளை கட்டும். மழை விட்ட அரைமணியில் தார்ப்பாயைத் தூக்கிக் காற்றாட விடுகிற விவசாயியைப் பார்த்தால், மூடத் தெரிவதில் பாதி திறக்கத் தெரிவது என்று புரியும்.

பீப்பாய் மூடி

வண்டியை மூடுவதில் இன்னொரு உலகமும் இருக்கிறது. அமெரிக்காவில் பிக்கப் என்பது வீட்டு வண்டி. ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அங்கே அதிகம் விற்கும் பிக்கப். அதன் பின்தளத்தைப் பக்கப்பலகை மட்டத்தில் மூடும் மூடிக்கு டோனோ கவர் என்று பெயர். பிரெஞ்சில் டோனோ என்றால் பீப்பாய். மோட்டார் காரின் ஆரம்ப காலத்தில் பின்னிருக்கைப் பகுதி பீப்பாய் வடிவில் இருந்ததால் வந்த பெயர். இந்த மூடிகள் நம் ஊருக்கும் வந்துவிட்டன. சென்னையை ஒட்டிய ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸ் 2016இலும், டொயோட்டா ஹைலக்ஸ் 2022இலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இவற்றை வாங்குகிறவர்கள் கூடாரமும் சைக்கிளும் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அவர்களுக்குத் தார்ப்பாய் கட்டப் பிடிக்காது, பாவம்.

பாய் போலச் சுருட்டும் வினைல் மூடி, மூன்றாக மடியும் பலகை மூடி, கடை ஷட்டர் போல உள்ளே சுருளும் அலுமினிய மூடி, ஒரே துண்டான ஃபைபர் மூடி என்று வகைகள். விற்பவர் எல்லாவற்றையும் நூறு சதவீதம் தண்ணீர் புகாது என்பார். மூட்டு குறைந்தால் கசிவும் குறையும் என்பதால் ஒரே துண்டு மூடிதான் இயல்பாகவே உலர்ந்தது. ஆனால் உயரமான சாமான் வைக்க முடியாது, கழற்ற இரண்டு ஆள் வேண்டும். ஷட்டர் வகை வேறு தந்திரம் செய்கிறது. தண்ணீரைத் தடுக்காமல், ஓரத்துக் கால்வாயில் வாங்கி, முன்மூலைகளில் உள்ள குழாய் வழியே கீழே விட்டுவிடும். நம் வீட்டு முற்றத்துக் கூரைத் தகரம் செய்கிற வேலை. அந்தக் குழாயில் ஒரு வேப்பஞ்சருகு அடைத்தால் கதை முடிந்தது.

எந்த வகை ஆனாலும் பின்கதவு இடுக்கு அப்படியேதான் இருக்கும். அதற்கென்று விற்கும் ரப்பர் பட்டையைத் தனியாக வாங்கி ஒட்ட வேண்டும். பக்கப்பலகை விளிம்பின் மேல் ஏறி உட்காரும் பிளாஸ்டிக் உள்தொட்டி போட்டிருந்தால் மூடி படியவே படியாது, வாங்குமுன் சொல்லிவிட வேண்டும். மாட்டிய அன்றே தளம் முழுக்கப் பழைய செய்தித்தாளைப் பரப்பி, மூடி, பத்து நிமிடம் ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்துத் திறந்து பாருங்கள். எங்கே காகிதம் கறுத்திருக்கிறதோ அங்கே கசிவு. இந்தச் சோதனையைக் குட்டி யானைக்கும் செய்யலாம். நான் புத்தகத்தை வைத்துச் செய்தேன், அது கொஞ்சம் செலவு அதிகம்.

போன வாரம் அதே ஓட்டுநரைத் திண்டிவனம் பைபாஸ் ஓரம் பார்த்தேன். இரவெல்லாம் மழையில் ஓடிவந்த வண்டி. லோடு இறக்கியாகிவிட்டது. ஒரு தார்ப்பாயைக் கேபினிலிருந்து வேலிக்கம்பிக்கு இழுத்துக் கட்டிக் காயப்போட்டிருந்தார், விளிம்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றை, என் நீலத் தார்ப்பாயை, நான்காக மடித்து அந்த நிழலில் விரித்துப் படுத்திருந்தார்.

"இதுக்கு இந்த அளவு சரியா இருக்கு சார்" என்றார்.